நாடி ஏன் ஓடுகிறது?



பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வரும் சகோதரிகள் பலர், "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயக் காடுகளில் கூலி வேலை செய்கிறவர்கள். ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணுகிறோம். ஓய்வாயிருக்கும் பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். சிலருக்கு 110, 120 என்று ஓடும். மறுவாரம் எண்ணினாலும் அப்படியே.

வீட்டார் இருதய நோய் என்று பயந்துவிடுகிறார்கள். சிலருடைய பையில் ப்ரொப்ரனலால் மாத்திரை ஏற்கெனவே இருக்கும். அது நாடியைக் குறைக்கும், காரணத்தைத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. மூட்டை சுமக்க ஆள் குறைந்தால் இருக்கிறவர்கள் அதிக நடை போடவேண்டும் அல்லவா? பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் இருதயமும் அப்படித்தான் ஓடுகிறது.

ஆகவே முதலில் கீழ் இமையை விலக்கிப் பார்க்கிறோம். வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 8க்கும் கீழே போனால் கடுமையானது. அதோடு விடுவதில்லை. இரத்தம் ஏன் குறைந்தது? வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழுவா, சாப்பாட்டுக் குறைவா, பெரும்பாடா? கடைசிக் கேள்வியை நர்ஸ் அம்மா திரைக்குப் பின்னால் தனியாகக் கேட்டால்தான் பதில் வரும். மாற்கு 5ஆம் அதிகாரத்து ஸ்திரீ பன்னிரண்டு வருஷம் சுமந்ததை இங்கேயும் பலர் வாய் திறவாமல் சுமக்கிறார்கள்.

எல்லா இரத்தசோகையும் இரும்புச்சத்துக் குறைவல்ல. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா 1928இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளிகளை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றினால் அவர்களுடைய இரத்தசோகை குணமாவதைக் கண்டார். அதிலிருந்த சத்தே பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது.

இமை சிவப்பாயிருந்தால் வேறு வழி பார்க்கிறோம். நன்றாய்ச் சாப்பிட்டும் மெலிவு, கைநடுக்கம், கழுத்தில் வீக்கம் இருந்தால் தைராய்டைச் சந்தேகிக்கிறோம். தூங்கும்போது நாடியை எண்ணுவது பழைய முறை. மனக்கலக்கத்தால் ஓடும் நாடி தூக்கத்தில் தணியும். தைராய்டினால் ஓடுவது பெரும்பாலும் தணியாது. உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை வேண்டும். மாலைக் காய்ச்சலும் இருமலும் இருந்தால் சளிப் பரிசோதனை. நாடி தாறுமாறாகி மூச்சும் வாங்கினால், சிறுவயது ருமாட்டிக் காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்திருக்கலாம், ஈ.சி.ஜி., எக்கோ எடுக்காமல் விடக்கூடாது.

இரத்தசோகைக்காரருக்கு இன்னொரு தொல்லை. படபடப்பு நின்றதும் இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும், உடம்பில் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் சாப்பிடவேண்டும். இதைச் சொல்லவே கிராமப் பணியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.