ஊர்மொழி கற்ற உள்ளம்

கொல்கத்தாவின் தென்பகுதியில் அமைந்துள்ளது டாலிகஞ்ச். தூர்ந்து கிடந்த பழைய கங்கைக் கால்வாயை 1770களில் வில்லியம் டாலி என்பவர் வெட்டிச் சீர்செய்தார். அவர் பெயரோடு, சந்தை எனப் பொருள்படும் ‘கஞ்ச்’ என்னும் சொல் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயிற்று. அக்கால்வாயை ஒட்டி வடக்கே சென்றால் காளிகாட் வரும். மெட்ரோ இரயிலில் சென்றால் அது இரண்டாவது நிலையம். அங்கே காளி கோயிலின் அருகில் ‘நிர்மல் ஹ்ருதய்’ என்னும் இல்லம் இருக்கிறது. தெருவில் ஆதரவின்றிக் கிடந்தோர் தம் இறுதி நாள்களை அமைதியாகக் கழிப்பதற்கு 1952ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கியவர் அன்னை தெரசா. அதற்கு முன்பே அவர் இந்நாட்டில் இருபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.

அவருடைய இயற்பெயர் ஆக்னஸ். ஐரோப்பாவில் உள்ள ஸ்கோப்யே நகரில் 1910ஆம் ஆண்டில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தார். வங்கத்தில் பணிபுரிந்த சமயத் தொண்டர்களின் மடல்களைப் பற்றி இளமையிலேயே கேட்டறிந்தார். தாமும் அங்குச் செல்ல விரும்பினார். 1928இல், பதினெட்டு வயதில், தாயிடம் விடைபெற்றுப் புறப்பட்டார். தாய் 1972இல் மறையும்வரை, இருவரும் மீண்டும் சந்திக்கவே இல்லை.

அயர்லாந்தில் லொரேட்டோ சபையில் சேர்ந்து ஆங்கிலம் கற்றார். 1929 ஜனவரியில் கொல்கத்தா வந்தடைந்தார். பின்னர் டார்ஜிலிங்கில் துறவுப் பயிற்சி பெற்றபோது வங்கமொழியைப் பயின்றார். 1931 முதல் எண்டாலிப் பகுதியில் உள்ள புனித மரியாள் பள்ளியில் புவியியலும் வரலாறும் கற்பித்தார். வழிபாடும் வகுப்புமாக அவருடைய நாள்கள் கழிந்தன. அதே பெயருடைய மற்றொரு சகோதரியிடமிருந்து வேறுபடுத்த, உடனிருந்தோர் இவரை ‘வங்கத் தெரசா’ என்று அழைத்தனர். அவர் பேசிய மொழியே அவருக்கு அடைமொழி ஆயிற்று!

ஒருமுறை வகுப்பறை அழுக்காக இருக்கக் கண்டு, தாமே துடைப்பமும் நீரும் எடுத்துத் தரையைத் தூய்மை செய்தார். ஆசிரியர் அவ்வாறு செய்வதைக் கண்டிராத பிள்ளைகள் திகைத்து நின்றனர். சற்று நேரத்தில் சிறுமியர் அவருடன் சேர்ந்து பணி செய்தனர். சிறுவர் நீர் கொணர்ந்தனர்.

1948இல் அவர் பள்ளியை விட்டு வெளியேறி, நீலக்கரை இட்ட வெண்ணிறப் புடவை உடுத்தினார். பாட்னாவில் மருத்துவப் பணியைக் கற்றுத் திரும்பி, மோதிஜில் சேரிக்குச் சென்றார். அங்கே பள்ளிக்கூடம் இல்லை, கரும்பலகையும் இல்லை. ஒரு குச்சியால் மண்ணில் வங்க எழுத்துகளை எழுதிக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். கடல் கடந்து வந்து தாம் கற்ற எழுத்தை, அம்மண்ணின் பிள்ளைகளுக்கே அவர் திருப்பி அளித்தார். மறு ஆண்டில் அவருடன் முதலில் வந்து இணைந்தவர், அவரிடம் பயின்ற ஒரு வங்க மாணவியே.

காளிகாட் இல்லத்தில் இறப்போருக்கு அவரவர் சமய முறைப்படியே இறுதிக் கடன்கள் செய்யப்பட்டன. நோயுற்றவரிடம் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்கவும், அவர் கூறும் விடையைப் புரிந்துகொள்ளவும் அவருடைய மொழி தெரிந்திருக்க வேண்டும். பிறருக்கு உதவ விரும்புவோர் முதலில் அவர் பேச்சைச் செவிமடுக்கக் கற்க வேண்டும். இளமையில் தெரசா செய்த முதல் தொண்டு அதுவே.

அருஞ்சொற்பொருள்
தூர்ந்து – மண் நிறைந்து மேடாகி
மடல் – கடிதம்
அடைமொழி – பெயருக்கு முன் சேரும் சிறப்புச் சொல்
செவிமடுத்தல் – கருத்துடன் கேட்டல்

பயிற்சி
1. டாலிகஞ்ச் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. தெரசா ‘வங்கத் தெரசா’ என அழைக்கப்பட்டது ஏன்?
3. பிரித்து எழுதுக: வகுப்பறை, நீலக்கரை.
4. உங்கள் குடும்பத்தார் வேற்றூரில் குடியேறியபோது அவ்வூர் மொழியை எவ்வாறு கற்றனர்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.