'வந்தால்' தெரிந்தவருக்கு ஸ்பானியம் எளிது
(எண்ணநிலை இறந்தகால வினைத்திரிபு)



"நான் அழைக்க வேண்டும் என்று அம்மா விரும்பினார்." ஸ்பானிய வாய்மொழித் தேர்வில் இவ்வாக்கியத்தைச் சொல்லுமாறு என்னைக் கேட்டார்கள். அட்டவணையை மனனம் செய்திருந்தும் பிழையாகவே சொன்னேன். இப்பாடத்தை யாராவது தமிழ்வழி விளக்கியிருந்தால் அன்று தடுமாறியிருக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்வது வேறு. நடக்க வேண்டும் என்று நினைத்ததையும், நடக்காத ஒன்றைக் கற்பனை செய்வதையும் சொல்வது வேறு. பின்னதற்கு ஸ்பானியத்தில் தனி வினைவடிவம் உண்டு. அதை இங்கு 'எண்ணநிலை இறந்தகாலம்' என்போம்.

முதலில் தமிழைப் பாருங்கள். 'வந்தான்' என்பதில் 'ஆன்' நீக்கி 'ஆல்' சேர்த்தால் 'வந்தால்'. படித்தான், படித்தால், செய்தான், செய்தால். இன்னும் நடக்காத செயலுக்கும் இறந்தகால அடியையே நாம் பயன்படுத்துகிறோம். ஸ்பானியமும் இதையே செய்கிறது.

விதி: இறந்தகாலத்தில் 'அவர்கள்' என்பதற்குரிய வடிவத்தை எடுங்கள். ஈற்றிலுள்ள 'ரொன்' நீக்குங்கள். 'ர' சேர்த்து, இடத்திற்கேற்ற விகுதி கொடுங்கள். (கீழே நெடில் வரும் அசையை அழுத்திச் சொல்க. சொல் முதலில் வரும் 'பி', 'பீமன்' என்பதில் உள்ள ஒலி.)

யமார் (அழை): யமாரொன் – யமார
கொமேர் (உண்): கொமியேரொன் – கொமியேர
பிவீர் (வாழ்): பிவியேரொன் – பிவியேர

'யமார்' வினையின் முழுத் திரிபு:

நான்: யமார
நீ: யமாரஸ்
அவன், அவள், நீங்கள் (மரியாதை ஒருமை): யமார
நாம், நாங்கள்: யமாரமொஸ்
நீங்கள் (பன்மை, ஸ்பெயினில்): யமாரய்ஸ்
அவர்கள்: யமாரன்

மற்ற இரு வினைகளுக்கும் இதே விகுதிகள்தாம். 'நாம்' வடிவத்தை எழுதும்போது மட்டும் அழுத்தக் குறி இட மறவாதீர். 'ர' வுக்குப் பதில் 'ஸெ' சேர்க்கும் வடிவமும் உண்டு: யமாஸெ, கொமியேஸெ. இப்பயன்பாட்டில் பொருள் ஒன்றே. இலத்தீன் அமெரிக்கப் பேச்சில் 'ர' வடிவமே மிகுதி.

இனி, தமிழர் தவறும் இரண்டு இடங்கள்.

முதலாவது, அழுத்தம். 'யமார' என்பது எண்ணநிலை. 'யமரா' என்பது 'அழைப்பாள்' என்னும் எதிர்காலம். "மி மாத்ரெ கெரீஅ கெ ல யமார" என்று சொல்ல வேண்டிய நான், தேர்வில் 'யமரா' என்று முடித்தேன். அம்மாவின் விருப்பம் யாரோ ஒருவரின் எதிர்காலச் செயலாகிவிட்டது!

இரண்டாவது, 'ஆல்'. "அவள் வந்தால் உன்னை அழைப்பேன்" என்னும்போது அவள் வரக்கூடுமா, வரவே மாட்டாளா என்பதைத் தமிழில் சூழலே காட்டும். ஸ்பானியத்திலோ நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

வரக்கூடும்: சி பியேனெ, தெ யமரே.
வரமாட்டாள், வந்தால்: சி பினியேர, தெ யமரீஅ.

'பினியேர' ஒழுங்கற்ற வினையிலிருந்து வந்தது. ஆயினும் 'பினியேரொன்' தெரிந்தால் போதும், விதி பொருந்தும். ஒழுங்கற்ற வினைகள் அனைத்திற்கும் இதுவே வழி. ஆகவே இறந்தகாலத்தை நன்றாகப் படித்தவர் இப்பாடத்தில் பாதியை முடித்துவிட்டார்.

பயிற்சி: 'தொமார்' (எடு), 'சலீர்' (வெளியேறு) ஆகியவற்றின் 'அவர்கள்' வடிவங்கள் தொமாரொன், சலியேரொன். 'நீ', 'நாம்' என்பவற்றுக்குரிய எண்ணநிலை வடிவங்களை எழுதுக.

விடை: தொமாரஸ், தொமாரமொஸ், சலியேரஸ், சலியேரமொஸ்.

தாய்மொழி இலக்கணம் பள்ளித் தேர்வோடு முடிந்துவிடுவதன்று. புதிய மொழியின் கதவுக்கு முன் நிற்கும்போது சட்டைப்பையில் தேடிப் பாருங்கள். சாவி அங்கேயே இருக்கலாம்.