எரிந்த ஃபிலிம் மறுபடி ஓடியது எப்படி?



எங்க அப்பா சின்னப் பையனாக இருந்தபோது, டென்ட் கொட்டகை ஆபரேட்டர் ரூமுக்கு வெளியே கிடக்கும் ஃபிலிம் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவாராம். ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தாத்தா வேட்டியில் படம் காட்டுவாராம். அந்தத் துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் எங்கள் வீட்டுப் பரண் மேலேயே இருந்தன. போன மாதம் திறந்து பார்த்தேன். குப்பென்று புளித்த வாடை! "ஊறுகாய் கெட்டுப்போச்சா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்கள். படங்களும் ஒரே சிவப்பாக இருந்தன.

டப்பாவை அறிவியல் டீச்சரிடம் கொண்டு போனேன். நீல லிட்மஸ் தாளை நனைத்து உள்ளே போட்டு மூடி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் தாள் சிவந்துவிட்டது. ஃபிலிமிலிருந்து அமிலம் வருகிறது!

அது எப்படி என்றால், இந்த ஃபிலிம் செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளால் ஆனது. சூடும் ஈரமும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். அதனால் இதற்கு 'வினிகர் நோய்' என்று பெயர். வெளிவந்த அமிலமே மீதி ஃபிலிமையும் வேகமாக அரிக்குமாம். ஆகவே டப்பாவை இறுக்கி மூடி வைப்பதுதான் ரொம்பக் கெடுதல். நாங்கள் முப்பது வருஷமாகச் செய்தது அதுதான்! ஆவணக் காப்பகங்களிலும் நம் லிட்மஸ் மாதிரியே ஒரு தாளை டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். நீலமாக இருந்தால் நலம். பச்சையானால் நோய் தொடங்கிவிட்டது. மஞ்சளானால் ஆபத்து. சிவப்புக்கும் காரணம் இருக்கிறது. கலர் ஃபிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப் போவதால் மிச்சம் சிவப்பாகத் தெரிகிறது.

அசிடேட்டுக்கு முன்னால் இருந்தது நைட்ரேட் ஃபிலிம். பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் வைத்துச் செய்தது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். 1950-களின் தொடக்கத்தில் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். சத்யஜித் ராய் வங்காளத்தில் எடுத்த பதேர் பாஞ்சாலி (1955), அபராஜிதோ (1956), அபுர் சன்சார் (1959) ஆகிய மூன்றும் அபு என்ற பையனின் கதை. 1992-இல் ராய்க்குச் சிறப்பு ஆஸ்கார் கொடுத்தார்கள். விழாவில் காட்ட நல்ல பிரதி கிடைக்காமல் திண்டாடினார்களாம். பிறகு மூல நெகட்டிவ்களை லண்டனில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். நெகட்டிவ்தான் ஒரு படத்துக்குத் தாய், மற்ற பிரதிகள் எல்லாம் அதன் பிள்ளைகள். 1993 ஜூலையில் அந்த லேபில் நைட்ரேட் தீ பிடித்து, அபு படங்களின் நெகட்டிவ்களும் கருகிவிட்டன.

நாமாக இருந்தால் குப்பையில் கொட்டியிருப்போம். (நான் கொட்டியிருப்பேன்.) ஆனால் ராய் படம் என்று அடையாளம் தெரிந்த டப்பா, துண்டு, சாம்பல் வரைக்கும் அள்ளி அமெரிக்காவில் ஆஸ்கார் அகாடமியின் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றைச் சரிசெய்ய அன்று வழியே இல்லை. இருந்தும் அவர்கள் தூக்கி எறியவில்லை. இருபது வருஷம் அப்படியே வைத்திருந்தார்கள்.

2013-இல் கிரைட்டீரியன் என்ற நிறுவனம் அவற்றைத் தேடி எடுத்தது. இத்தாலியில் போலோஞா நகரத்தில் உள்ள பட்டறைக்கு அனுப்பினார்கள். அப்பளம் மாதிரி நொறுங்கும் ஃபிலிமை ஒரு கரைசலால் முதலில் வளையும்படி ஆக்கினார்கள். உருகி ஒட்டிய டேப், பசை, மெழுகு எல்லாவற்றையும் கையாலேயே எடுத்தார்கள். ஓரத்துத் துளைகளையும் பழைய ஒட்டுகளையும் திரும்பக் கட்டினார்கள். கை வேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம்! நம் பள்ளிக்கூட மணிக்குக் கணக்கு போட்டால் ஒரு ஆள் எட்டு மாதம் லீவு எடுக்காமல் செய்ய வேண்டும்.

துளைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நானும் நினைத்தேன். ஒரு படக்கட்டத்துக்கு ஒரு பக்கம் நான்கு துளை. மெஷினின் பல் அதில் மாட்டித்தான் ஃபிலிமை நகர்த்துகிறது. துளை பிய்ந்திருந்தால் ஃபிலிம் ஆடும், இன்னும் கிழியும். ஒரு நொடிக்கு 24 கட்டம், அதாவது ஒன்றரை அடி ஃபிலிம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800 கட்டம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும்.

ஸ்கேன் ஆன பிறகுதான் கம்ப்யூட்டர் வேலை தொடங்குகிறது. தூசி, கீறல், வெளிச்சத் துடிப்பு இவற்றை நீக்க வேண்டும். அதையும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டுப் போக முடியாது. மழைத்தாரையைக்கூடக் கீறல் என்று நினைத்து அழித்துவிடக்கூடும். பதேர் பாஞ்சாலியில் அக்கா துர்கா மழையில் நனைவாளே, அங்கே மழையே இல்லாமல் போனால் என்ன ஆவது? அதனால் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பதேர் பாஞ்சாலியில் 40 சதவீதமும், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே கிடைத்தன. அபுர் சன்சாரில் மிஞ்சிய நெகட்டிவ் எதுவுமே பயன்படவில்லை. அந்தப் படத்துக்கும், மற்ற இரண்டிலும் விட்டுப்போன பகுதிகளுக்கும் வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளை வாங்கிச் சேர்த்தார்கள். 2015 மே மாதம் பதேர் பாஞ்சாலி நியூயார்க்கில் மறுபடி ஓடியது.

நம் முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அதைச் சரிசெய்யலாம் என்றால் கருகிய துண்டுகூட நம்மிடம் இல்லை. கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருப்பதால், பழைய படங்கள் பலவற்றை வெள்ளி எடுக்கவே விற்றுவிட்டார்களாம். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அப்பாவின் துண்டுகளை இப்போது காகித உறையில் போட்டுக் காற்றாட வைத்திருக்கிறேன். ஓரத்தை மட்டும் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். பெரிய துண்டில் 11 கட்டம், மூன்று துளை பிய்ந்திருக்கிறது. ஒரு அம்மா கிணற்றடியில் குடத்தோடு திரும்பிப் பார்க்கிறார். எந்தப் படம் என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது பழைய சினிமா நிறையப் பார்த்தவர்கள் என்றால் என்னிடம் சொல்லுங்கள், எடுத்து வந்து காட்டுகிறேன். உங்கள் வீட்டிலும் ஃபிலிமோ ஃபோட்டோ நெகட்டிவோ டப்பாவில் இருந்தால் இன்றைக்கே மூடியைத் திறந்து மோந்து பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி