இடிந்த பள்ளிக்கூடமும் தொண்டரின் அமானிதமும்

2005-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ரமளானின் முதல் வாரம். முஸஃபராபாத், பாலாகோட் பகுதித் தாய்மார்கள் வழக்கம்போல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்தனர். ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் பூமி குலுங்கிற்று. வகுப்பறைக் கூரைகள் விழுந்தன. பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே மாண்ட சிறார்கள் சுமார் 17,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

நம் நாட்டில், குஜராத் பூகம்பம் நிகழ்ந்த 2001 ஜனவரி 26 குடியரசு தினம், வகுப்புகள் இல்லை. ஆயினும் அஞ்சார் நகரில் ஊர்வலம் சென்ற 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும், குறுகிய சந்தில் இருபுறக் கட்டடங்களும் சரிந்து உயிர் நீத்தனர். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 சனிக்கிழமை, அங்கே வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் நொறுங்கியபோது உள்ளே பிள்ளைகள் இல்லை.

கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி. அதில் ஐயமில்லை. ஆனால் பலவீனமாகக் கட்டப்பட்ட சுவருக்குக் கத்ரைச் சாக்குக் கூறுவது மார்க்கம் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம்.

இத்தகைய துயரச் செய்தி வந்ததும், ஜும்ஆவுக்குப் பின் துண்டு ஏந்தி வசூல் செய்வதும், இளைஞர்கள் புறப்படத் துடிப்பதும் நம் ஊர்களின் நற்பழக்கம். அல்லாஹ் அதை நிலைக்கச் செய்வானாக! ஆனால் இடிபாடு அகற்றுவது வேறு, பள்ளிக்கூடம் எழுப்புவது வேறு. முன்னதற்குத் தோள்வலி போதும். பின்னதற்கு இல்மு வேண்டும். நிய்யத் தூய்மையாக இருந்துவிட்டால் செங்கல் நேராக நின்றுவிடும் என எண்ணுவோர் சிலர் இருக்கின்றனர். செங்கல் நிய்யத்தை அறியாது, கலவையைத்தான் அறியும்.

மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்டபோது நபி (ஸல்) அவர்களே கல் சுமந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகச் சுமக்க, அம்மார் (ரலி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். இவை மேடைகளில் அடிக்கடி கூறப்படுபவை. அதிகம் கூறப்படாத ஒன்றும் உண்டு. யமாமாவிலிருந்து வந்த தல்க் இப்னு அலீ (ரலி) அவர்கள் மண் குழைப்பதில் தேர்ந்தவர். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மண் குழைக்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுமாறு தோழர்களுக்குக் கூறினார்கள். தாமும் கல் சுமக்கட்டுமா என அவர் கேட்டபோது, வேண்டாம், தெரிந்த வேலையையே செய்யும்படி பணித்தார்கள் என்றும் அறிவிப்பு உள்ளது. ஆர்வத்தோடு வந்த ஒருவரைத் தகுதியான வேலையில் நிறுத்திய அந்த ஒழுங்கு, தொண்டர் படை நடத்துவோர் மனனம் செய்ய வேண்டிய ஒன்று.

குஜராத்தில் பட்டன்கா என்னும் கிராமத்தில் 2001-க்குப் பின் இதுவே நடந்தது. நேபாளத்திலிருந்து பயிற்சி பெற்ற கொத்தனார்கள் வந்து, உள்ளூர்க் கொத்தனார்களோடு கூட நின்று கற்றுக்கொடுத்தார்கள். கொத்தனாருக்குக் கொத்தனாரே உஸ்தாத்! சிறிய அளவில் வீட்டு மாதிரிகளைக் கட்டி, ஊரார் பார்க்க மேடையில் வைத்துக் குலுக்கியும் காட்டினார்கள். கடைக்கால் மட்டத்திலும், கதவு ஜன்னல்களின் மேல்மட்டத்திலும், கூரையடியிலும் சுவரைச் சுற்றி இடைவாரைப் போலக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். மூலைகள் பிணைக்கப்பட வேண்டும். சாரம் இவ்வளவுதான். லாத்தூர் மாவட்டத்தில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் உறங்கியோர் மீது சரிந்தவை, மண் சாந்தில் அடுக்கிய பருத்த கற்சுவர்களே. காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலோ, முன்னரே வலுப்படுத்தி வைத்திருந்த பள்ளிக்கூடங்கள் 2015-இல் பெருஞ்சேதமின்றி நின்றன.

ஆகவே, கொத்து வேலை அறியாத தொண்டர் கரண்டியைப் பிடிக்க வேண்டாம். மணல் சலிக்கட்டும், தண்ணீர் சுமக்கட்டும், கட்டிய சுவருக்கு நாள்தோறும் நீர் ஊற்றட்டும். அந்த நீர் ஊற்றுதல் தவறினால் சிமெண்டு வலுப்பெறாது. கூலி அதில் குறைந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இனி பொருள் பற்றி. ஜகாத் பணத்தால் பள்ளிக்கூடம் கட்டலாமா எனப் பலரும் கேட்கின்றனர். ஜகாத், பெறத் தகுதியுள்ள ஒருவருக்கு உடைமையாக்கப்பட வேண்டும். கட்டடம் எவருக்கும் உடைமையாகாது. எனவே கூடாதென்பதே நம் இமாம்களின் தீர்ப்பு. வீடிழந்த ஏழை முஸ்லிமின் கையில் ஜகாத்தைக் கொடுக்கலாம். அவர் அதைக் கொண்டு பிள்ளைக்குப் புத்தகமும் உடையும் வாங்கட்டும். கட்டடத்துக்கு ஸதகாவும் வக்ஃபும் உள்ளன. எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கூடமாயினும் ஸதகா கொடுக்கத் தடையில்லை. 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1924-இல் உமராபாத் தாருஸ்ஸலாமும் தோன்றியது தோல் வணிகம் செய்த பெருமக்களின் கொடையால்தானே!

தொண்டுக்குச் செல்பவர் தம் பெற்றோரின் இசைவையும், மனைவி மக்களின் செலவுக்குரியதையும் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும். ஓரிடத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் செய்தால் ஹனஃபிகள் தொழுகையை முழுமையாகத் தொழ வேண்டும், குறைவாயின் கஸ்ர். ஷாஃபிகளுக்கு, வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் தங்க நிய்யத் செய்தாலே முழுமையாகும். ரமளானில் முஸாஃபிராக இருப்பவர் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம்.

பூகம்பம் எங்கோ தொலைவில் நிகழ்வது என இருந்துவிட வேண்டாம். 2021 நவம்பர், டிசம்பரில் நம் வேலூர், பேரணாம்பட்டுப் பகுதியிலும் 3.5 அளவில் சிறு அதிர்வுகள் பலமுறை உணரப்பட்டன. முத்தவல்லிகள் தம் பொறுப்பிலுள்ள மக்தப், பள்ளிக்கூடக் கட்டடங்களை ஒருமுறை சுற்றி வரட்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால், வெள்ளையடிக்கும் முன்னரே இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் காட்டட்டும். பூசி மறைத்த பின் அவராலும் அதைக் காண முடியாது.