துயர நாடகத்தைப் படமாக்கப் போகும் பினாங்குப் பிள்ளைகளுக்கு

1. ஷேக்ஸ்பியர் நமக்கு எட்டாதவர் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 1880களில் இந்த ஊரில் பிறந்த பங்சாவான் என்ற மலாய் நாடக மேடை, ஹாம்லெட்டையும் ஆடியது, லைலா மஜ்னுவையும் ஆடியது. 1933இல் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் சிங்கப்பூரில் எடுத்த முதல் மலாய்ப் படம் அந்த லைலா மஜ்னுதான். நடித்தவர்களும் பங்சாவான் கலைஞர்களே.

2. வசனத்தைக் குறையுங்கள். கொட்டகையின் கடைசி வரிசைக்கு முகம் தெரியாது. குரல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் மேடை நாயகன் மனத்தில் உள்ளதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறான். கேமராவுக்கு இமை துடித்தாலே போதும். குரோசாவா 1957இல் மெக்பெத்தை ஜப்பானியக் கோட்டைக்குக் கொண்டுபோனபோது மூடுபனியும் அம்புகளுமே பாதி வசனத்தைப் பேசிவிட்டன. 'ரத்தக்கண்ணீர்' (1954) வேறு கதை. அங்கே எம்.ஆர். ராதாவின் குரலே நாடகம். அப்படியொரு நடிகர் கிடைத்தால் ஒரு வரியையும் வெட்டாதீர்கள்.

3. கதையை எந்த ஊருக்குக் கொண்டுவருகிறீர்களோ, அந்த ஊரின் பகையைக் கண்டுபிடியுங்கள். ஜெயராஜ் 'களியாட்டம்' (1997) எடுத்தபோது ஒதெல்லோவின் கறுப்பு நிறம் இருந்த இடத்தில், தெய்யம் ஆடுபவனின் சாதியையும் அம்மைத் தழும்பையும் வைத்தார். விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003) படத்தில் மெக்பெத்தின் சூனியக்காரிகள், ஜாதகக் கட்டம் போடும் இரண்டு போலீஸ்காரர்கள் ஆனார்கள்.

நம் ஊரில் லியர் மன்னனை எடுக்கக் கோட்டை எதற்கு? ஒரு கடைவீடு போதும். வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியது. 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பழைய கடைவீட்டுக்கு விலை வந்துவிட்டது. கடையை மகள்கள் பேரில் எழுதிவைத்த அப்பா. அதை ஓட்டலாக்க நினைக்கும் மகள்கள். மழை இரவில் கடை வாசல் அஞ்சடியில் நிற்கிறார் கிழவர். யாராவது இதை எடுங்கள், நான் பார்க்க வேண்டும்.

4. கிளைக்கதைகளை வெட்டலாம். கோமாளியை வெட்டாதீர்கள், லியரிடம் உண்மை பேசத் துணிந்தவன் அவன்.

5. முடிவை மாற்றச் சொல்வார்கள். நேஹம் டேட் 1681இல் லியரின் கடைசி மகள் கார்டீலியாவைப் பிழைக்கவைத்து எழுதினார். ஏறக்குறைய 150 ஆண்டுகள் இங்கிலாந்து மேடையில் அந்த லியர்தான் ஓடியது. இன்று அதை ஆடுவார் அரிது. பாகவதர் புகழின் உச்சியில் இருந்த 1937இலேயே 'அம்பிகாபதி' காதலர்களின் சாவில் முடிந்தது, மக்கள் கொண்டாடினார்கள். பணம் போடுகிறவரிடம் மற்ற எதையும் விட்டுக்கொடுங்கள். கடைசிக் காட்சியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.