ஒன்பது கோல் வாங்கிய மறுநாள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ பொறுப்பேற்ற கல்லூரி அணி ஏழு கோல் வாங்கித் தோற்றதையும், ஆட்டம் முடிந்ததும் பையன்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் வாயடைத்து நின்றதையும் எழுதியிருக்கிறாய். பேசாமல் நின்றதற்காக வருந்தாதே. அந்த நேரத்தில் கோச்சின் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் கோபம்தான். அன்று உனக்கிருந்த வேலைகள் சிறியவை. எதிரணிக்குக் கை கொடுக்க வைப்பது, ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்கு எதிரே முதல் ஆளாக நடந்து போவது, ஒருவனும் தனியாக வீடு திரும்பாமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவு போதும்.

ஆனால் மறுநாள் பேசியே ஆக வேண்டும். என்ன பேசுவது, எங்கே பேசுவது என்பதைப் பற்றி நான் நிச்சயமாக நம்புவது ஒன்று உண்டு. வெளியே போனால் பழி முழுவதையும் நீ வாங்கிக்கொள். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் நடந்ததை ஒளிக்காமல் சொல். இந்த இரண்டும் இடம் மாறிப்போன அணிகள் நிறைய.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை இரவு, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்தாம்ப்டனில் நடந்த ஆட்டத்தை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த மைதானம், விடாத மழை. லெஸ்டர் சிட்டி பத்தாவது நிமிடத்தில் முதல் கோல் போட்டது. அந்தக் கோலுக்குச் சற்று முன் நடந்த மோதலை வீடியோவில் பரிசோதித்து, பன்னிரண்டாவது நிமிடத்தில் சவுத்தாம்ப்டனின் இடது பேக் ரையன் பெர்ட்ரண்டுக்குச் சிவப்பு அட்டை கொடுத்தார்கள். இடைவேளைக்குள் ஐந்து கோல். முடிவில் 0-9. 1888-இல் தொடங்கிய இங்கிலாந்து லீக்கின் முதல் பிரிவில், வெளியூரிலிருந்து வந்த அணி ஒன்று அதற்கு முன் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை.

மேனேஜர் ரால்ஃப் ஹாசன்ஹூட்டில் அன்றிரவே கேமரா முன் வந்து மன்னிப்புக் கேட்டார், பொறுப்பு தன்னுடையது என்றார். அணி போராடவே இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 'அணி' என்று சொல்வதும் ஒருவனைப் பெயர் சொல்லிச் சுட்டுவதும் வேறு வேறு. முதலாவதை அடுத்த நாள் பதினொரு பேரும் சேர்ந்து சுமக்கலாம். இரண்டாவதை ஒருவன் மட்டும் பல வருடம் சுமக்க வேண்டிவரும்.

ஆட்டக்காரர்களும் பயிற்சிக் குழுவினரும் அந்த ஆட்ட நாளின் சம்பளத்தைக் கிளப்பின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். 2009 நவம்பரில் டாட்டன்ஹாமிடம் 1-9 என்று தோற்ற விகன் ஆட்டக்காரர்கள், கூடவே பயணம் வந்த ரசிகர்களின் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். நல்ல காரியங்கள்தாம், எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அவை ரசிகர்களோடு தீர்க்கும் கணக்கு. பந்தாட்டத்தில் எது உடைந்தது என்ற கேள்வி அப்படியே மிச்சமிருக்கும்.

பழியும் உண்மையும் இடம் மாறிப்போனதற்கு உதாரணம், 2008 டிசம்பரில் ஹல் சிட்டி. அந்தக் கிளப் தன் வரலாற்றில் முதன்முறையாக முதல் பிரிவுக்கு வந்த சீசன் அது. அர்சனல், டாட்டன்ஹாம் இரண்டையும் அவர்கள் ஊரிலேயே போய் வீழ்த்தியிருந்தார்கள். 2008 டிசம்பர் 26 அன்று மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் இடைவேளையின்போது 0-4. மேனேஜர் ஃபில் பிரவுன் அணியை அறைக்குள் அழைத்துப் போகவில்லை. ஹல் ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில், புல்தரையிலேயே எல்லோரையும் உட்கார வைத்து, விரலை நீட்டித் திட்டினார். ஆட்டம் 1-5 என்று முடிந்தது. அன்று 19 ஆட்டங்களில் 27 புள்ளிகளோடு இருந்த அணி, மீதி 19 ஆட்டங்களில் எடுத்தது 8 புள்ளிகள்தாம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழ்ப்பிரிவுக்குப் போகாமல் தப்பியது. அந்தச் சரிவு முழுவதற்கும் அந்தப் பேச்சுதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் பதினொரு மாதம் கழித்து அதே மைதானத்தில் பெனால்டி கோல் போட்ட ஹல் ஆட்டக்காரர் ஜிம்மி புல்லார்ட், சக ஆட்டக்காரர்களைச் சுற்றி உட்கார வைத்து மேனேஜரைப் போலவே விரலை ஆட்டிக் காட்டினார். அந்த இடைவேளை யாருடைய நினைவிலிருந்தும் போகவில்லை. பிரவுன் அன்று சொன்ன குறைகள் சரியானவையாகவே இருந்திருக்கலாம். ஊரார் முன்னிலையில் சொன்னதால், குறை என்ன என்பது மறந்துபோய், உட்கார வைக்கப்பட்டது மட்டும் நிலைத்துவிட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பொறுப்பேற்பதாகச் சொல்லிவிட்டு, உண்மையைத் தொடாமல் போவது. 2014 ஜூலை 8, பெலோ ஒரிசோன்டே. உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றது. 23-ஆவது நிமிடத்துக்கும் 29-ஆவது நிமிடத்துக்கும் இடையே மட்டும் நாலு கோல். பிரேசில் பயிற்சியாளர் ஸ்கொலாரி அன்றிரவு பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், அது பெருந்தன்மை. ஆனால் மறுநாள் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து தன் அணியின் வெற்றிக் கணக்குகளைக் காட்டினார், ஆறு நிமிடத் தடுமாற்றம் என்று அதைச் சுருக்கினார். நாலு நாள் கழித்து மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 0-3. ஏழு கோலை ஆறு நிமிடத்துக்குள் அடைத்துவிட்டால் திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே பையன்களை உட்கார வைத்துப் பேசும்போது, 'எல்லாம் என் பொறுப்பு' என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாதே. அது பத்திரிகைக்காரர்களுக்கான வாக்கியம். உன் தவறைக் குறிப்பாகச் சொல். 'மூன்றாவது கோல் விழுந்ததும் நடுக்களத்தில் இன்னொருவனை இறக்கியிருக்க வேண்டும், நான் இடைவேளை வரை காத்திருந்தேன்' என்று சொல். நீ முதலில் அப்படிச் சொன்னால்தான், 'நான் திரும்பி ஓடவில்லை' என்று ஒரு பையனுக்குச் சொல்ல வாய் வரும்.

பிறகு வீடியோ. யாராவது செல்போனில் எடுத்திருப்பார்கள், கேட்டு வாங்கு. முதலில் நீ தனியாக உட்கார்ந்து இரண்டு முறை பார். ஏழு கோல் என்றால் ஏழு தனித்தனித் தவறு என்று நினைக்காதே. பெருந்தோல்விகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று தவறுகள்தாம் திரும்பத் திரும்ப நடந்திருக்கும். இரண்டு கோல் பின்தங்கியதும் என்ன ஆகிறது என்று கவனி. முன்வரிசைப் பையன் ரோஷப்பட்டு பந்தைத் தேடி ஒற்றையாக ஓடுவான். நடுக்களத்தில் இருப்பவன் அவனோடு போவதா, நிற்பதா என்று பாதி தூரம் போய் நிற்பான். பின்வரிசை பயந்து இன்னும் பின்வாங்கும். வரிசைகளுக்கு நடுவே முப்பது, நாற்பது மீட்டர் வெற்றிடம் திறந்துகொள்ளும். எதிரணிக்கு அதற்கு மேல் வேறென்ன வேண்டும்? ஒவ்வொருவனும் தன்னால் முடிந்ததைவிட அதிகமாகத்தான் ஓடியிருப்பான். சேர்ந்து ஓடவில்லை, அதுதான் விஷயம். இதைப் புரிந்துகொண்டால், 'உங்களுக்கு அக்கறை இல்லை' என்று திட்ட உனக்கே மனசு வராது.

பையன்களுக்குக் காட்டும்போது மூன்று துண்டுகளுக்கு மேல் வேண்டாம். பந்து வலைக்குள் போகும் காட்சியைக் காட்டாதே, அதில் எப்போதும் கோல்கீப்பரும் கடைசித் தற்காப்பாளனும் மட்டும்தான் தெரிவார்கள். நம் பக்கம் பந்தை இழந்த நொடிக்குப் போய் அங்கே நிறுத்து. யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேள். பதிலை நீ சொல்லாதே, அவர்கள் சொல்லட்டும். வீடியோ கிடைக்கவில்லையென்றால் மைதானத்திலேயே அதே இடங்களில் நிற்க வைத்து நடந்து காட்டச் சொல். அரை மணி நேரம். அதன் பின் அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சே எடுக்காதே. தண்டனையாக ரவுண்டு ஓட விடுவதும் வேண்டாம்.

தனியாகப் பேச வேண்டியவர்கள் இருவர். சிவப்பு அட்டை வாங்கியவன் அல்லது பெரிய தவறு செய்தவன் ஒருவன், கோல்கீப்பர் இன்னொருவன். முதலாமவனிடம் நீ போய்ப் பேசு, அவனை வரவழைக்காதே. பெர்ட்ரண்ட் தடை முடிந்து திரும்பி வந்து சவுத்தாம்ப்டனுக்கு ஆடினார். 2021 பிப்ரவரி 2 அன்று அதே அணி மான்செஸ்டர் யுனைடெட்டிடம் மறுபடியும் 0-9 என்று தோற்றது. அப்போது இரண்டாவது நிமிடத்திலேயே வெளியேற்றப்பட்ட அலெக்ஸ் யான்கெவிட்ஸுக்கு வயது 19, முதல் நிமிடத்திலிருந்து ஆட இறங்கிய முதல் லீக் ஆட்டம் அது. அந்த வயதுப் பையன் அறைக்குள் தனியாக உட்கார்ந்து வெளியே எழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார். உன் பையன்களும் அதே வயதுதான்.

கோல்கீப்பர் விஷயம் இன்னும் கடினம். 2019 தோல்விக்குப் பிறகு சவுத்தாம்ப்டனில் ஆங்கஸ் கன் இடத்தை இழந்தார், அலெக்ஸ் மெக்கார்த்தி வந்தார். மாற்றுவது உன் உரிமை, சில நேரம் கடமையும்கூட. ஆனால் அறிவிப்புப் பலகையைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. காரணத்தை முகத்துக்கு நேரே சொல், திரும்பி வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல். 2001 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவிடம் 0-31 என்று தோற்ற அமெரிக்கன் சமோவா அணியின் கோல்கீப்பர் நிக்கி சலாபு. பாஸ்போர்ட் சிக்கலில் மூத்தவர்கள் வர முடியாமல், அவருக்கு முன்னால் நின்றவர்களில் சிலர் பள்ளிப் பையன்கள். பத்து வருடம் கழித்து, 2011 நவம்பரில், தாமஸ் ரோங்கன் என்ற பயிற்சியாளர் சலாபுவை மறுபடியும் கோலில் நிறுத்தினார். டோங்காவை 2-1 என்று ஜெயித்தார்கள், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அந்நாட்டின் முதல் வெற்றி. ஒருவனிடம் நம்பிக்கை வைப்பதை வாயால் சொல்லலாம், ஆனால் அவன் அதை நம்புவது அணிப் பட்டியலில் தன் பெயரைப் பார்க்கும்போதுதான்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதே, அடுத்த ஆட்டமே திருப்பம் தரும் என்று. 2019-இல் 0-9 வாங்கிய சவுத்தாம்ப்டன் அடுத்த மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் அவற்றில் ஒன்றில், 0-9-க்கு எட்டு நாள் கழித்து, நடப்புச் சாம்பியனான மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில், எழுபதாவது நிமிடம் வரை 1-0 என்று முன்னிலையில் நின்றது. ஸ்கோர் பலகையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது இன்னொரு தோல்வி. கோச்சுக்கு அந்த எழுபது நிமிடம் போதுமானது. ஹாசன்ஹூட்டில் சில வாரங்களில் ஐந்து பேர் பின்வரிசையைக் கைவிட்டு நால்வருக்குத் திரும்பினார். முதல் வெற்றி நவம்பர் 30-இல்தான் வந்தது. ஜனவரி 11 அன்று லெஸ்டருக்கே போய், முதல் கோலை வாங்கிய பிறகும், 2-1 என்று ஜெயித்தார்கள். 81-ஆவது நிமிடத்தில் டேனி இங்ஸ் போட்ட கோல். சீசன் முடிவில் 11-ஆம் இடம். கிளப் நிர்வாகம் அவசரப்பட்டு மேனேஜரை அனுப்பாமல் இருந்ததும் இதில் ஒரு பங்கு. உன் கல்லூரி நிர்வாகத்திடம் இந்தக் கதையைச் சொல்லத் தயங்காதே.

அடுத்த ஆட்டத்துக்கு கேப்டனை மாற்ற நினைப்பதாக எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம், சீசன் முடியட்டும். வீடியோவைப் பார்த்துவிட்டு, பந்தை எந்தெந்த இடத்தில் இழந்தீர்கள் என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. கோல்கீப்பரிடம் பேசியதும் அவன் என்ன சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்