பிடிக்காத பாட்டைக் கேட்கப் போகிறவர்களுக்கு

கோத்தகிரி பஜாரில் இருபது வருஷம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிஷ கேசட்டில் இரண்டு பக்கமும் ரொப்பிக் கொடுப்பேன். ஹிப் ஹாப் என்றால் 2021 வரை எனக்கு வெறும் சத்தம்தான். பேத்தியும் அவள் சிநேகிதிகளும் இப்போதுதான் சினிமாப் பாட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார்கள். “தாத்தா, உங்களுக்கே எப்படிப் பிடிச்சுப் போச்சு?” என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதி வைத்தது இது.

1. முதல் தடவை பிடிக்கவில்லையா, கவலை வேண்டாம். அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் போதும். ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்தது. பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. பேத்தி போனில் போட்டுக் காட்டியபோது, “சின்னப் பிள்ளைங்க பாட்டா?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். ஆனால் குளிக்கும்போது கை தன்னாலே வாளியில் தாளம் போட்டது. வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

2. மெட்டைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். பல்லவி எப்போது திரும்பி வரும் என்று காத்திருந்தே பழகிய காது நம்முடையது. ராப்பில் அந்தக் காத்திருப்பு வேலைக்கு ஆகாது. தொடையில் நான்கு தட்டு தட்டிக்கொண்டே கேளுங்கள். சொல் தட்டின் மேல் விழுகிறதா, கொஞ்சம் முந்துகிறதா, பிந்துகிறதா? எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறான்? எந்த எழுத்து இரண்டாவது முறை வந்து இடிக்கிறது? பள்ளிக்கூடத்தில் எதுகை, மோனை என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இங்கே ஓடுகிறது. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுசே இல்லை.

3. பழைய பாட்டை வெட்டி ஒட்டியிருந்தால் கோபப்படாதீர்கள். 2006இல் ஒரு பையன் மலேசியாவிலிருந்து வந்த சிடி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தான். யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’. அதில் ‘மடை திறந்து’ வந்ததும், “ராஜா பாட்டைக் கெடுத்துட்டானுங்கப்பா” என்று கத்தினேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று, ஒரு பாட்டின் நடுவில் வரும் தவில் துண்டை மட்டும் பாஸ் பொத்தானை அமுக்கி அமுக்கி ஏழெட்டு முறை திரும்பப் பதிந்து கொடுத்தவன் நான்தானே! நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். தங்கை பள்ளித் துணிமணிக்குக் காசு சேர்க்க வைத்த விருந்து அது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களுக்குப் பிடித்த டிரம்ஸ் பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுகிற வித்தை அவருடையது. ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள்.

4. பாட்டு எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். எனக்குப் பிடித்துப் போனது இந்த வழியில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே திரும்பி வந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அந்தத் தோட்டத்து மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்காக எங்கள் நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டார்கள், இன்றைக்கு டான்டீ. என் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான். ‘சிலோன்காரங்க’ என்போம்.

ஒருநாள் சாயங்காலம், கொழுந்து எடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கு ஈரத்தோடு ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு கேசட். ஒரு பக்கத்தில் செத்துப்போன தாயாரின் ஒப்பாரி, யாரோ வீட்டு டேப்பில் பிடித்தது. “மறுபக்கம் காலியா கெடக்கு, ராமராஜன் பாட்டு போட்டுக் குடுங்கண்ணே” என்றார். கூட்ட நேரம். நான் கேசட்டைத் திருப்பிச் செருகிவிட்டேன். இரண்டாவது பாட்டு ஓடும்போதுதான் பார்த்தேன். ஒன்பது நிமிஷ ஒப்பாரி போயே போய்விட்டது. அவர் திட்டவில்லை. காசு வேண்டாம் என்றேன். எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு, மிச்சக் குரல் இருந்த கேசட்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

‘எஞ்சாமி’யை மூன்றாவது முறை தனியாகக் கேட்டேன். ஆட்டம் எல்லாம் அடங்கி, குரல் ஒப்பாரி இழுவைக்கு மாறுகிற இடம் வந்தது. நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதியைக் கேட்க முடிந்தது.

5. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடியில் ஓடும் பேஸ் அதில் வராது.

6. யார் செய்தது என்று பெயர்களைப் படியுங்கள். சினிமாப் பாட்டில் ‘நான்’ என்றால் கதாநாயகன். இங்கே பாடுகிறவனே ‘நான்’. அதனால் பெயர் விட்டுப்போனால் பாட்டின் பாதி விட்டுப்போகிறது. ‘எஞ்சாமி’யைக் குறிப்பிட்டு 2021இல் வந்த ஓர் இசைப் பத்திரிகை அட்டையில் அறிவின் முகம் இல்லை. கேள்வி கிளம்பியது, கிளம்ப வேண்டியதுதான். சுயாதீன இசை என்ற பெயர் இருப்பதாலேயே எல்லாம் நியாயமாக நடந்துவிடும் என்று நம்பாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. இருபது வருஷத்தில் எந்தப் பாடகருக்கும் எந்தக் கம்பெனிக்கும் நான் ஒரு பைசா கொடுத்ததில்லை.

7. எல்லாவற்றையும் பிடிக்கவைத்துக்கொள்ள முயலாதீர்கள். வெற்று ஜம்பமும் பெண்களை மட்டம் தட்டுவதுமாக நிறைய வருகிறது. மூன்று முறைக்கு மேல் அதற்கு நேரம் தராதீர்கள்.

8. அடுத்து எதைக் கேட்பது என்றால், அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ ஆல்பம். கானாவும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் எப்படி நிற்கும் என்று பார்க்க, ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு. 2018 ஜனவரியில் சென்னையில் அவர்களின் முதல் மேடை. ஒரே மூச்சில் கேட்டுத் தீர்க்காதீர்கள். நாளுக்கு ஒன்று போதும்.

9. வீட்டில் பெரியவர்கள் குரல் பதிந்த கேசட் ஏதாவது கிடந்தால், முதல் வேலையாக அதன் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தடுக்குகளையும் ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுங்கள். அப்புறம் யார் ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் அது இறங்காது.